அஞ்சு பூட்டு போட்ட பெட்டி

இங்க வா தேனு, என் மடியில தலைய வை. காலை ஆட்டாத. என்னடி கேட்ட? நாடுங்க எல்லாம் சேந்த சபைக்காக அப்பா நீலத் தொப்பி போட்டுக்கிட்டு அவ்வளவு தூரம் வேற நாட்டுக்குக் காவலுக்குப் போயிருக்காரே, ஏன் அங்க நடக்குற சண்டைய நிறுத்தலன்னா? எங்கிருந்துதான் உனக்கு இப்படியெல்லாம் கேள்வி வருதோ! சரி, கதை சொல்றேன். ஒழுங்கா "ம்" கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு பச்சையம்மா இருந்தா. ஊரு பேரு கோரைப்பள்ளம். ஏரிக்கரைய ஒட்டி அவளுக்கு ஒரு கூரை வீடு, துண்டு நிலம், எழுந்து நடக்க முடியாத மாமியா, இடுப்புல ஒரு கைப்புள்ள. அவ்வளவுதான் அவளுக்கு.

அந்த ஏரியச் சுத்தி நெறைய ஊரு. முன்ன ஒரு காலத்துல தண்ணிக்காக அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஒரு சாவு விழுந்துச்சு. அப்போ எல்லாரும் அழுது ஓஞ்சு, 'இனிமே வேணாண்டா சாமி'ன்னு ஒரு சபை வச்சாங்க. எவன் அடுத்தவன் ஊருக்குள்ள பூந்தாலும் சபைக் காவல்காரங்க தடியத் தூக்கிக்கிட்டு வந்து தடுக்கணும். என்ன, தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

ஆனா தடி யாரு கையில இருக்கிறது? வச்சிருக்கிறவனே நாளைக்கு நம்மள அடிச்சா? அந்தப் பயத்துல தடிங்கள ஒரு இரும்புப் பெட்டியில போட்டு அஞ்சு பூட்டு பூட்டுனாங்க. அஞ்சு பெரிய ஊருக்கு ஆளுக்கொரு சாவி. அஞ்சும் சேந்தாத்தான் பெட்டி தெறக்கும்.

"பெரிய ஊருக்கு மட்டும் ஏன்மா?"

சாவி குடுக்கலன்னா சபைக்கே வரமாட்டோம்னு மொறச்சுக்கிட்டாங்கடி. வெளிய நின்னு வெட்டிக்கிறதுக்கு, உள்ள வந்து உக்காந்து தொலையட்டும்னு குடுத்தாங்க. வேற என்ன பண்ணுவாங்க?

அந்த அஞ்சுல ஒண்ணு கோட்டைமேடு. அதுக்குத் தலைவன் காளிங்கன். அவனுக்குப் பச்சையம்மா ஊரு மேல கண்ணு விழுந்துச்சு. மொதல்ல ஆளுங்கள விட்டு, எல்லைக் கல்லை சர்ரு சர்ருன்னு இழுத்து அவ நிலத்துக்குள்ள நட்டுட்டான். அவ புள்ளையத் தூக்கிக்கிட்டு குடுகுடுன்னு சபைக்கு ஓடுனா. எல்லாரும் 'அடப் பாவமே'ன்னு உச்சுக் கொட்டுனாங்க. வன்மையாக் கண்டிக்கிறோம்னு டம்டம்னு தமுக்கடிச்சாங்க. காளிங்கன் அத மோர் குடிச்சுக்கிட்டே கேட்டான்.

அப்புறம் அவங்க கெணத்தைச் சுத்தி முள்ளு வேலி போட்டான். ஏரித் தண்ணி பயிருக்குத்தான் ஆகும், குடிக்க ஆகாது. தாகத்துல புள்ள வீல் வீல்னு கத்துது. மறுபடியும் ஓடுனா. இந்தத் தடவ சபை ஒரு காவல்காரன அனுப்புச்சு, சிங்காரம்னு பேரு. தலையில நீல முண்டாசு, வாயில ஒரு விசில். தடி இல்ல, அதுதான் பெட்டியில கெடக்கே. 'நில்லு, பாரு, ஊது, எவனையும் தொடாத'ன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க.

"ஏன்யா, வெறுங்கைய வீசிக்கிட்டு வந்து நிக்கிறியே, நீ எதுக்குத்தான் வந்த?"ன்னு கேட்டா பச்சையம்மா.

"நான் பாத்துக்கிட்டு நின்னா அவங்களுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கும்மா."

"கூச்சமா? காளிங்கனுக்கா?"

சிங்காரம் தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஆனா அந்த எடத்த விட்டு அசையல. தனக்குன்னு வச்சிருந்த தண்ணிய அந்தப் புள்ளைக்குக் குடுத்தான். அவனுக்கும் ஊர்ல ஒரு பொண்ணு இருந்துச்சு.

"ம்."

அப்புறம் ஒரு நாள், காளிங்கன் ஆளுங்க தீப்பந்தத்தோட கெளம்பிட்டாங்கன்னு சேதி வந்துச்சு. சிங்காரம் 'பீ... பீ...'ன்னு ஊதுறான். பச்சையம்மா புள்ளைய இடுப்புல இடுக்கிக்கிட்டு மூணாவது தடவையா சபைக்கு ஓடுனா.

சபையில ஒரு வழக்கம். எந்தப் பஞ்சாயத்தா இருந்தாலும் மொதல்ல எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்புடணும். பகையாளி கூட ஒரு வாய் தின்னா கோவம் தணியும்னு நல்ல எண்ணத்துல வச்சதுதான். இவ போய்ப் பாத்தா, மொத எலையில காளிங்கன் உக்காந்திருக்கான்!

"அவனை ஏன் தொரத்தல?"

தொரத்திட்டா அப்புறம் அவன்கிட்ட யாரு பேசுறதுன்னு பயம். 'சோறு ஆறிடும், உக்காரும்மா'ன்னு இவளுக்கும் எலை போட்டாங்க. எப்படிடி எறங்கும்? "என் மாமியா வீட்டுக்குள்ள படுத்திருக்காங்க, பெட்டியத் தெறங்கய்யா!"ன்னு கத்துனா. அப்போ சாவி வச்சிருந்த மத்த நாலு பேரு எழுந்தாங்க. ஒருத்தன், காளிங்கனுக்கு வைக்கோல் விக்கிறவன், முனகிக்கிட்டே எழுந்தான். கிளிக், கிளிக், கிளிக், கிளிக். நாலு பூட்டு தெறந்துச்சு. அஞ்சாவது சாவி காளிங்கன் இடுப்புல. எல்லாரும் அவனையே பாத்தாங்க. அவன் ரசம் ஊத்தச் சொன்னான்.

பச்சையம்மா திரும்பி ஓடுனா. ஏரிக்கரை வரும்போதே புகை. கூரை படபடன்னு எரியுது. 'அத்தே!'ன்னு அலறுறா, அப்போ ஏரித் தண்ணிக்குள்ள சளக் சளக்குன்னு யாரோ நடந்து வர்றாங்க. சிங்காரம்! முதுகுல அவ மாமியா. முண்டாசு பாதி கருகிக் கெடக்கு. வீடு போச்சு, நிலம் போச்சு. அந்தக் கெழவி மட்டும் இருமிக்கிட்டு உசுரோட இருந்தா. பச்சையம்மா அவ காலைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

"காவல்காரன்?"

மத்த வீட்டுலயும் ஆளு இருக்காங்கன்னு சொல்லிட்டுத் திரும்பித் தண்ணியில எறங்கிட்டான்.

"திரும்பி வந்தானாம்மா?"

"ம்" கொட்டச் சொன்னா கேள்வியா கேக்குற. அங்கதான்டி இருக்கான். சபையில இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க.

"அப்போ கதை முடியலையா?"

முடியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு, போதுமா? கண்ண மூடு. கதை முடியற வரைக்கும் அம்மா முழிச்சிருக்கேன், நீ தூங்கு.