எட்டாவது கல்

வேம்பங்குளத்தின் கிழக்குக் கரை விலங்குகளுக்கு ஒரு சடுகுடு அணி இருந்தது. ஆடுவது ஏழு பேர். வெளியே உட்காருவது ஓர் உடும்பு.

ஆமாம், உடும்பேதான். பிடித்தால் விடாத பிராணியை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சடுகுடு ஆடிய புத்திசாலி, அணித்தலைவரான கீரி. "உங்களுக்கு நடை போதாது மாமா. ஒப்புக்குச் சப்பாணியாக இருங்கள்" என்று சொல்லிவிட்டது. உடும்பும் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருந்தது.

அந்த அணிக்கு ஒரு வழக்கம். ஆட்டம் தொடங்குமுன் ஆடுகிற ஏழு பேரும் புளியமரத்தடியில் ஆளுக்கொரு கல் வைக்க வேண்டும். நடுவில் யாராவது வெளியேறினால், அவர் கல்லைக் கீரி குளத்தில் எறிந்துவிடும். கல் போனால் இடமும் போச்சு. போன மாதம் அணிலின் கண்ணில் மண் விழுந்தது. கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் அதன் கல் குளத்துக்குள், அதன் இடத்தில் தவளை! அன்றைக்கு மரம் ஏறிய அணில் இன்னும் இறங்கவில்லை.

அன்று மேற்குக் கரை அணியோடு ஆட்டம். கிழக்குக் கரையில் பாடிப் போவதற்கு முயலை விட்டால் ஆள் இல்லை. மூன்றாவது முறை பாடிவிட்டுத் திரும்பும்போது அதன் பின்னங்கால் பிசகியது. முயல் மூச்சுக் காட்டவில்லை.

வெளியே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இடைவேளையில் உடும்பு தண்ணீரோடு வந்தது.

"கால் என்ன ஆச்சு?"

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாத கால் ஏன் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது?"

"மெதுவாகப் பேசுங்கள் மாமா. கீரியண்ணன் காதில் விழுந்தால் என் கல் போய்விடும்."

"இன்னொரு தடவை ஓடினால் காலே போய்விடும். நாளைக்கு நரி துரத்தினால் கல்லைக் காட்டுவாயா? எழுந்திரு. உன் கல்லுக்கு நான் பொறுப்பு."

முயல் நொண்டிக்கொண்டே வெளியே வந்தது. வேறு ஆள் இல்லாததால் உடும்பு உள்ளே போனது.

"தண்ணீர் கொடுத்தே இடம் பிடித்துவிட்டார் மாமா" என்றது தவளை. எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு பக்கமும் சமப் புள்ளி. கடைசி ஆட்டம். மேற்குக் கரை மந்தி, "சடுகுடு, சடுகுடு" என்று பாடிக்கொண்டே வந்தது. உடும்பைப் பார்த்துப் பல்லை இளித்தது. போகிற போக்கில் அதன் முதுகைத் தட்டிவிட்டுத் திரும்பியது. திரும்பியதுதான், நகர முடியவில்லை. கணுக்காலில் உடும்பின் பிடி! மந்தி இழுத்தது, உதறியது, கடைசியில் பாட்டு நின்றது. நடுவர் கொக்கு சிறகைத் தூக்கியது. கிழக்குக் கரை வென்றது!

எல்லோரும் குதித்தார்கள். முயல் மட்டும் மரத்தடியில் தன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்ட அவசரத்தில் எறியாமல் விட்டிருந்த அந்தக் கல்லைக் கீரி வந்து எடுக்கப் போனது. "வழக்கம் வழக்கம்தான். இனி மாமா இருக்கிறார், முயல் எதற்கு?"

அதற்குள் உடும்பு கல்லின் மேல் படுத்து நகங்களை ஊன்றிக்கொண்டது. கீரி வாலைப் பிடித்து இழுத்தது. தவளை கீரியை இழுத்தது. ஒன்றும் அசையவில்லை.

"விட்டுவிடுங்கள், அது விடாது. சந்தேகமிருந்தால் என் காலைக் கேளுங்கள்" என்றது மந்தி.

"தம்பி, கால் ஆறினதும் முயல் ஆடட்டும்" என்று கீரியிடம் சொன்னது உடும்பு. "எட்டாவதாக என் கல்லைப் பக்கத்தில் வை. யாருக்கு முடியவில்லையோ, அவருக்காக நான் இறங்குகிறேன். அவர் திரும்பி வந்ததும் எழுந்து வந்துவிடுகிறேன்."

"ஏழு பேர் ஆட்டத்துக்கு எட்டுக் கல்லா?"

"நாளைக்கு உனக்கே சுளுக்கிக்கொண்டால், உன் கல்லையும் எறிந்துவிடலாமா?"

கீரியின் ஒரு கை தன் தோளுக்குப் போனது. பத்து நாளாகத் தோள்பட்டை வலியை யாரிடமும் சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது அது.

மெதுவாக உடும்பின் வாலை விட்டது. ஒரு கல்லைத் தேடி எடுத்து, முயலின் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தது. பிறகு குளத்தில் இறங்கிச் சேற்றைத் துழாவ ஆரம்பித்தது.

"என்ன தேடுகிறீர்கள் அண்ணே?" என்று கேட்டது முயல்.

"அணிலோட கல்."

புளியமரத்தில் இலை அசைந்தது. அணில் ஒரு கிளை கீழே இறங்கி வந்தது.

"அங்கே இல்லை அண்ணே. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்றது.

திரும்பி வந்தால் தன் இடம் இருக்கும் என்று தெரிந்தவர்தான் வலியை ஒளிக்காமல் எழுந்து போவார். ஆகவே கூடி ஆடுகிறவர்கள் முதலில் காக்க வேண்டியது ஒருவர் இடத்தை ஒருவர்.