கார்டு லாபமா நஷ்டமா?

ஊருக்கு வெளியே திறந்திருந்த மொத்தக் கடையில் பொருள் வாங்க வேண்டுமென்றால், வருடத்துக்கு இரண்டாயிரம் கட்டி மெம்பர் கார்டு எடுக்க வேண்டும். "கார்டு எடுத்தா நஷ்டம்னு எவனாவது நிரூபிக்கட்டும், இலவசமாவே தர்றேன்!" என்று வாசலில் கூடியிருந்தவர்களிடம் சவால் விட்டார் மேனேஜர் தணிகைவேல்.

பெண்டாட்டி கொடுத்தனுப்பிய இரண்டாயிரத்தைப் பிடித்தபடி நின்றிருந்த வாட்ச்மேன் இருளப்பன் பவ்யமாகக் கேட்டான்: "சார், உங்க வீட்டுல எத்தனை பேரு?"

"நானும் சம்சாரமும்தான்."

"கடுகெல்லாம் இங்கதான் வாங்குவீங்களா?"

"இங்க அஞ்சு கிலோ மூட்டைதான்யா இருக்கு! ரெண்டு பேருக்கு அது எதுக்கு? தெருமுனைக் கடையிலதான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் ரெண்டே பேருதான் சார்."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. தணிகைவேல் அசடு வழிய கார்டை நீட்டினார். இருளப்பன் சட்டென்று வாங்கிக்கொண்டான்.

"நஷ்டம்னியே, அப்புறம் எதுக்குய்யா வாங்குற?"

"காசு கொடுத்து வாங்கினாத்தான் சார் நஷ்டம்!"