வாய் திறந்து தூங்கிய அரசர்

அரசரின் போர்ச் சரித்திரத்துக்குப் படம் வரைந்தவர் அழகர்நம்பி. யானையை வரைந்தார், கோட்டையை வரைந்தார், ஒருவரும் குறை சொல்லவில்லை. போருக்கு முந்தைய இரவு அரசர் கூடாரத்தில் மல்லாந்து தூங்கும் படம்தான் வம்பாகப் போயிற்று. அதில் அரசர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றே ஓவியரை நாடுகடத்திவிட்டார்கள்.

எல்லைவரை காவலுக்கு வந்தவர் காளிங்கர். ஓவியரைவிட வயதில் மூத்தவர். வழியில் இளைப்பாறியபோது ஓவியர் மணலில் குச்சியால் அவருடைய குதிரையை வரைந்து காட்டினார். எல்லை வந்ததும் காளிங்கர் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கும் சொல்லிக்குடுங்க" என்று கூடவே நடந்துவிட்டார். சீடராவதற்கு வயது ஒரு தடையா என்ன?

அயல்நாட்டில் பிழைப்பு நன்றாகவே நடந்தது. வைத்தியரின் ஏட்டில் மூலிகை, குழந்தைகளின் பாடச்சுவடியில் குரங்கு, எண்ணெய்க் கடைப் பலகையில் செக்குமாடு என்று கேட்டதையெல்லாம் குரு சந்தோஷமாக வரைந்தார். காளிங்கர் வண்ணம் அரைத்தார், கோடு பழகினார். ஊரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக ஒரு வழிப்போக்கர் சொன்னதிலிருந்து மட்டும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அரண்மனைத் தூதர் வந்தார். கையில் அந்தப் படம்.

"மீசை பிரமாதம்னு அரசரே சொல்றார். போர்வைப் பூவேலை மகாராணிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற எதையும் தொட வேண்டாம். வாயை மட்டும் மூடிக் குடுங்க. ரெண்டு பேரும் ஊர் திரும்பலாம்."

"முதல்ல கை கால் கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்று குரு அவரை உள்ளே அனுப்பினார்.

காளிங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரே ஒரு கோடு, குருவே. என் பேத்தியைப் பார்த்துடுவேன்."

"அப்ப நீங்களே மூடுங்க." குரு படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்தார். "இதுல படியெடுத்துப் பாருங்க."

மல்லாந்த உடல், மார்பின்மேல் கை, கழுத்துவரை போர்வை. எதையும் மாற்றாமல் காளிங்கர் படியெடுத்தார். உதடுகளை ஒரே கோட்டில் சேர்த்தார். பெருமை தாங்காமல் சுவரில் மாட்டி வைத்தார்.

பானைக்குப் பூ வரைந்து வாங்க வந்த வேலாயி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அடப்பாவமே! யாரு சாமி இது? பெரிய இடத்துச் சாவு போலிருக்கே. ஒரு மாலைகூடப் போடலையா?"

"தூங்குறார்மா!" என்றார் காளிங்கர்.

"எங்க தூங்குறாரு? வாயை மூடியாச்சு. கால் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டினா எடுத்துட வேண்டியதுதானே?" பானையை இறக்கி வைத்துவிட்டு, அவள் இரண்டு வரி ஒப்பாரியும் பாடினாள்.

காளிங்கர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் குறட்டை கேட்பதுபோல் இருந்தது. மற்றதில் மூச்சே இல்லை.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"முதல்ல நானும் மூடித்தான் வரைஞ்சேன். பார்த்ததும் பதறிப்போயிட்டேன். அப்புறம்தான் திறந்தேன்."

"அதை அவையிலேயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல எங்க விட்டாங்க? எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க."

காளிங்கர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அரசருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது? மூடிக் குடுத்துட்டு நாம பாட்டுக்கு ஊருக்குப் போயிடலாமே?"

குரு சிரித்தார்.

"அவர் என்னை ஊரைவிட்டுத்தான் துரத்தினார், காளிங்கரே. அதுக்காக ஆளையே கொன்னுட்டு வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?"