நத்தை போகிற வழியெல்லாம் ஏன் ஈரம்

எல்லா உயிரும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், நத்தைக்கு ஆறு கால். எதையும் மளமளவென்று முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடும். முடித்தது பாதிதான் இருக்கும், அது வேறு விஷயம்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அணில் மரத்திலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டது. மூன்று குட்டிகள் பால் குடிக்கிற நேரம். எதையும் கொறிக்க முடியாததால் அதற்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த கோழி, விதைப்புக்கு வைத்திருந்த எள்ளை அப்படியே கொண்டுவந்து கொடுத்தது. வறுத்து வெண்ணெய் மாதிரி அரைத்துவைத்தால், அணில் பத்து நாளைக்கு நக்கிச் சாப்பிடலாம் என்றது. நான் அரைக்கிறேன் என்று நத்தை முன்னால் வந்து நின்றது. யாரும் அதை அரைக்கச் சொல்லவில்லை.

கோழி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. "தண்ணி மட்டும் ஊத்திராத தம்பி. முதல்ல பொடியாகும். அப்புறம் அம்மியில ஒட்டும். விடாம அரை, அதுவே எண்ணெய் விடும்."

நத்தை அரைத்தது. பொடியானது. ஒட்டியது. குழவி நகரவில்லை, கை வலித்தது. சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கை தண்ணீர் தெளித்தது. விழுது கட்டியாக இறுகிப்போனது. பயந்துபோய் இன்னும் ஊற்றியது. இப்போது வெள்ளைவெளேரென்று, வெண்ணெயேதான். அதைச் சட்டியில் வழித்து வைத்தது. அதற்குள் முடிச்சிட்டியா என்று அணில் மெச்சியபோது நத்தை சிரித்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையில் சட்டி நுரைத்துப் புளித்துக் கிடந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"கெட்டுப்போன எள்ளையா எங்க தலையில கட்டின?" அணில் கோழியைத்தான் கேட்டது. கோழி நத்தையைப் பார்த்தது. நத்தை தரையைப் பார்த்தது.

இரண்டு நாள் கழித்து, ஒரு குட்டி பாலில்லாமல் செத்தது.

அதன்பிறகுதான் நத்தைக்கு வாய் வந்தது. "நான்தான் ஊத்தினேன் அக்கா. கை வலிச்சுது."

அணில் திட்டவில்லை. மீதிக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்விட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நத்தை ஆறு காலையும் மடக்கிக்கொண்டு அந்தப் புளித்த சட்டிக்குள் நுழைந்துகொண்டது. மடக்கின கால் அப்புறம் நீளவே இல்லை.

அன்றிலிருந்துதான் நத்தை சட்டியை முதுகில் சுமக்கிறது, யாராவது தொட்டால் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஊற்றின தண்ணீரை இனி ஒளிக்க முடியாதபடி, போகிற இடமெல்லாம் ஈரக்கோடு கூடவே வருகிறது.