மஞ்சள் கயிற்றுக் கும்பல்

புதிதாக வந்த ஜெயில் சூப்பிரண்டு கைதிகளை வரிசையில் நிறுத்தினார். பாதிப் பேர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மனு போட்டுப் பார்க்க வரும் வீட்டார், எதிரே இருக்கும் மாரியம்மன் கோயிலில் வாங்கிவந்து கட்டிவிடுவது.

"ஒரே கயிறு கட்டினவனெல்லாம் ஒரே கும்பல்!" என்று லத்தியை ஓங்கினார். "உங்க தலைவன் யாரு? சொல்லலைன்னா எல்லாருக்கும் இருட்டுக் கொட்டடி."

அந்தக் கொட்டடிக்குப் போனவன் எவனும் நடந்து திரும்பியதில்லை. சமையல்கட்டுக் கைதி சுடலைக்கண்ணு முன்னால் வந்தான்.

"சொன்னா அவரு என்னைக் கொன்னுபோடுவாரு ஐயா."

"நான் இருக்கிறப்ப எவன்டா உன்னைத் தொடுவான்?"

"அதான் ஐயா பயமா இருக்கு" என்றான் சுடலைக்கண்ணு, லத்தி பிடித்த கையையே பார்த்தபடி. காலையில் அதே கோயிலில் கட்டிய கயிறு அந்த மணிக்கட்டில் ஈரம்கூடக் காயாமல் இருந்தது.

லத்தி மெல்லக் கீழே இறங்கியது. வரிசையில் ஒருவனும் சிரிக்கவில்லை.