கரையாத உப்பு ஏத்துன வண்டி

ஏய், உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவரே, தூண் தானா நிக்கும், நீங்க தாங்க வேண்டாம், வந்து உக்காருங்க. பேச்சை நிறுத்துங்க. இருமல் இருக்கிறவங்க இப்பவே இருமி முடிச்சுடுங்க. ஆச்சா? இனிமே இங்க வாய் ஒண்ணுதான், அது என்னோடது.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, ராசாவுக்கே செருப்பு இல்லாத காலத்துல, கடலோரத்துல ஒரு உப்பு யாவாரி இருந்தான். பேரு சடையாண்டி. அவன்கிட்ட மூணு சொத்து. ஒரு பொண்டாட்டி, ஒரு சோடி மாடு, ஒரு வண்டி. பொண்டாட்டி செம்பாயி மேல பாசம் உண்டு. மாட்டு மேல அதைவிட அதிகம். வண்டி மேல வெச்ச பாசத்தைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. செம்பாயி நம்புவா.

ஏன்னா அது தாத்தா செஞ்ச வண்டி. அப்படித்தான் அவன் சொல்லுவான். நெஞ்சை இப்படி முன்னால தள்ளி, மீசையை இப்படி ஒதுக்கி, "எங்க தாத்தா வண்டியாக்கும்!"

உள்ளபடி பாத்தா, இடது சக்கரம் அப்பன் காலத்துல மாத்துனது. வலது சக்கரம் இவன் கல்யாணத்துக்கு மாத்துனது. பலகையை ஒரு வருசம் வெள்ளம் கொண்டு போச்சு. நுகத்தடியை ஒரு மாடு முட்டி ஒடைச்சுச்சு. மிச்சத்தைக் கரையான் பாத்துக்கிச்சு. தாத்தா செஞ்சதுல தப்பிச்சு நின்னது அந்தச் சத்தம் ஒண்ணுதான்.

சத்தம் எப்படி இருக்கும்? கேளுங்க. கிறீ...ச். லொடக். அய்யய்யோய்ய்ய். கிறீ...ச். லொடக். அய்யய்யோய்ய்ய். அந்த மூணாவது சத்தம் வண்டி போடறதா, பின்னாடி உக்காந்து வர்ற செம்பாயி போடறதான்னு ஊர்ல ரெண்டு கட்சி இருந்துச்சு.

வருசத்துக்கு ஒரே ஒரு பயணம். கோடையில விளைஞ்ச உப்பை மூட்டை கட்டி, கணவாய் ஏறி, மலைநாட்டுக்குக் கொண்டு போவான். அங்க உப்பு கிடையாது. இங்க தினை கிடையாது. உப்பைக் குடுத்துட்டுத் தினையை வாங்கிட்டு வருவான். அதுதான் வருசம் பூராவும் வீட்டுக்குச் சோறு. ஆனா மழைக்கு முன்னாடி போயிடணும். வழியில மழை புடிச்சுக்கிச்சுன்னா உப்பு கரைஞ்சு ஓடும். கூடவே ஒரு வருசச் சோறும் கரைஞ்சு ஓடும்.

அந்த வருசம் உப்பு நல்ல விளைச்சல். மூட்டை கட்டி வீட்டுக்குள்ள அடுக்கியாச்சு. மாட்டைப் பூட்டப் போறான். அப்ப ஒரு கோழி வந்து வண்டி மேல ஏறி உக்காந்துச்சு. டொப்புன்னு அச்சு முறிஞ்சது. பாரம் இல்ல, பள்ளம் இல்ல. ஒரே ஒரு கோழி. அதுவும் முட்டை போட்டு எளைச்ச கோழி.

செம்பாயி வந்து பாத்தா. "என்னங்க, இதை வெட்டி அடுப்புக்குப் போட்டுடலாம். என் தம்பி வண்டி சும்மாதானே நிக்குது?"

அவ தம்பி வீரணன் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். நல்ல பையன். "ஆமா மச்சான், எடுத்துட்டுப் போங்க. உங்க வண்டின்னே நெனைச்சுக்கங்க."

சடையாண்டிக்குக் காது மடல் செவந்துபோச்சு. "மச்சினன் வண்டியிலயா? நான் கணவாய் ஏறுனா மலைக்காரன் என்ன கேப்பான்? 'இது யாரு வண்டி சடையாண்டி?'ன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்? 'பொண்டாட்டியோட தம்பி வண்டி'ன்னு சொல்லட்டுமா? அதுக்கு மூட்டையைத் தலையில சுமந்துட்டுப் போயிடலாம்!"

"மழை வந்துட்டா?"

"எங்க தாத்தா வண்டியைப் பாத்தா மழையே ஒதுங்கி நிக்கும்டி."

செம்பாயி அவனை ஒரு நிமிசம் பாத்தா. அதோட பேச்சைக் கொறைச்சுக்கிட்டா.

வண்டி ஆசாரி வீட்டுக்குப் போச்சு. அந்த வண்டி வாசல்ல வந்து நின்னாலே ஆசாரி வீட்டம்மா அடுப்புல பெரிய பானையா ஏத்துவாங்க. ஆசாரி ஒத்தைக் கண்ணை மூடுனார். உளியால தட்டுனார். சக்கரத்துல காதை வெச்சு, அது ஏதோ ரகசியம் சொல்ற மாதிரி தலையாட்டிக் கேட்டார். "அச்சு ஒண்ணுதான் சடையாண்டி. மத்ததெல்லாம் இரும்பு!"

புது அச்சு போட்டார். புது அச்சு முறுக்குன முறுக்குல, சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற குடம் விரிஞ்சுபோச்சு. "குடம் ஒண்ணுதான் சடையாண்டி. மத்ததெல்லாம் இரும்பு!" புதுக் குடம் போட்டார். அதுல பழைய ஆரக்கால் நிக்க மாட்டேன்னுச்சு. "ஆரக்கால் ஒண்ணுதான் சடையாண்டி. மத்ததெல்லாம்..." என்ன? சத்தமாச் சொல்லுங்க! ஆங், இரும்பு.

முதல் நாள் மேக்கால உள்ளங்கை அளவு மேகம் வந்துச்சு. செம்பாயி, "மேகம்"னா. மூணாம் நாள் பாய் அளவு மேகம் வந்துச்சு. "மேகம்"னா. ஆறாம் நாள் நெல்லுக் களம் அளவுக்கு வந்துச்சு. செம்பாயி மேலயும் பாத்தா, அவனையும் பாத்தா, ஒண்ணும் சொல்லல.

ஏழாம் நாள் வண்டி தயார். பயணம் போற வண்டிக்குச் சக்கரத்தடியில எலுமிச்சம்பழம் வெக்கிறது நம்ம வழக்கம்தானே. பழத்தை நசுக்கிட்டுப் போனா கண்ணேறு போச்சு. பூசாரி வந்தார். நல்ல மனுசன், பேச்சு மட்டும் மூக்கு வழியா வரும். "இந்தா பாருப்பா சடையாண்டி. பழம் நசுங்குனா சாமி உத்தரவு குடுத்தாச்சு, புறப்படு. நசுங்கலைன்னா உத்தரவு இல்ல. வண்டியை விட்டுடணும். சம்மதமா?"

"சம்மதம் சாமி!" ஊரே கேட்டுச்சு.

ரெண்டு சக்கரத்துக்கும் ரெண்டு பழம். மூட்டைகூட ஏத்தல, வெறும் வண்டி. "த்தா... ஹை!" மாடு இழுத்துச்சு. வலது பக்கத்துப் பழம் பச்சக்குன்னு நசுங்குச்சு. இடது சக்கரம் பழத்து மேல ஏறுச்சு. நின்னுச்சு. யோசிச்சுச்சு. கிறீ...ச். லொடக். சக்கரம் நாலா விரிஞ்சு மண்ணுல படுத்துடுச்சு. பழம் உருண்டு வந்து பூசாரி கால்கிட்ட நின்னுச்சு. ஒரு கீறல் இல்ல.

பூசாரி மெதுவாச் சொன்னார். "சாமி சொல்லிடுச்சுப்பா."

சடையாண்டி குனிஞ்சு பழத்தை எடுத்தான். அமுக்கிப் பாத்தான். மோந்து பாத்தான். "பழம் சரியில்ல!"

"என்னது?"

"தொட்டுப் பாருங்க சாமி, கல்லு மாதிரி இருக்கு. பிஞ்சு. இந்தப் பழத்தை வெச்சா ராசா தேரே கவுந்துடும். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல!"

ஊர் சிரிச்சுதுன்னு நெனைக்கிறீங்களா? பாதி ஊர் ஆமா ஆமான்னு தலையாட்டுச்சு. பாதி ஊர் வீட்டுலயும் அந்த மாதிரி ஒரு வண்டி நின்னுச்சு, அதான்.

மறுபடி ஆசாரி. மறுபடி பெரிய பானை. இந்தத் தடவை மூணு நாள் ஆகும்னார். சடையாண்டி மூணு நாளும் ஆசாரி பட்டறையிலயே உக்காந்து, மரச் சீவலைப் பொறுக்கிக்கிட்டு, தாத்தா பெருமை பேசிக்கிட்டு இருந்தான்.

இப்ப நடந்ததை உங்களுக்கு மட்டும் சொல்றேன். அவன் காதுல விழக்கூடாது.

செம்பாயி வேலியோரம் போயி, "தம்பி, வண்டியைப் பூட்டு"ன்னா. உப்பு மூட்டை மொத்தத்தையும் வீரணன் வண்டியில ஏத்திட்டா. மேல ஓலைக் கூண்டு வேற. அப்புறம் ஆத்துக்குப் போயி மணலை அள்ளி, வேற சாக்குல அதே அளவு ரொப்பி, அதே முடிச்சுப் போட்டு, அதே இடத்துல அடுக்கிட்டா.

வீரணனுக்கு மனசு கேக்கல. "அக்கா, மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே?"

"சொன்னா இறக்கி, தாத்தா வண்டியில ஏத்துவார்டா."

வீரணன் புறப்பட்டுட்டான். மழைக்கும் அவனுக்கும் ஓட்டப்பந்தயம். யார் ஜெயிச்சாங்கன்னு செம்பாயிக்குத் தெரியாது. கணவாய்ப் பக்கம் பாத்துப் பாத்து அவ கண்ணு பூத்துப்போச்சு. அந்த மூட்டையோடதான் அவ வீட்டு அடுப்பும் போயிருக்கு.

இங்க ரெண்டாவது பழம் வெச்சாங்க. நல்ல மஞ்சப் பழம். ஆரக்கால் முறிஞ்சுச்சு. "இது காட்டு எலுமிச்சை, தோல் தடி"ன்னு சொல்லிட்டான். உடனே ஆசாரி அங்கயே ஒரு கட்டையை வெச்சு அடிச்சார். மூணாவது பழத்தை அவனே தேடிக் கொண்டு வந்தான். அழுகி, கறுத்து, எடுத்தா விரலுக்கு நடுவுல வழியிற பழம். பூசாரி மூக்கைப் பொத்திக்கிட்டு இலையில வெச்சார். மாடு மூச்சு விட்டுச்சு. அந்தக் காத்துக்கே பழம் நசுங்கிடுச்சு.

"உத்தரவு! உத்தரவு!"ன்னு துள்ளுனான் சடையாண்டி.

மூட்டையை ஏத்துனாங்க. தூக்க முடியாம அவனுக்கு மூச்சு வாங்குச்சு. "பாத்தியா செம்பாயி, இந்த வருசம் உப்பு என்ன கனமா விளைஞ்சிருக்கு!"

அவ ஒரு சாக்கு முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டுனா.

"ஏறி உக்காரு."

"நடக்கிறேன்."

கிறீ...ச். லொடக். அய்யய்யோய்ய்ய். இப்பத்தான் ஊருக்கு ஒரு சந்தேகம் தீந்துச்சு. செம்பாயி வாயை மூடிக்கிட்டு நடந்து வர்றா, அந்த மூணாவது சத்தம் அப்பவும் கேக்குது.

ரெண்டு நாள் வழியை அஞ்சு நாள் ஓட்டி, கணவாய் அடிவாரத்துக்கு வந்தாங்க. ஏத்தத்துல முதல் கல்லு. அச்சு போச்சு. ரெண்டாவது கல்லு. குடம் போச்சு. மூணாவது கல்லுக்கு வண்டி காத்திருக்கல. எல்லாம் புதுசு பாருங்க, புதுசாவே செத்துப்போச்சு. மாடு ரெண்டும் நுகத்தடியோட தனியா நாலடி நடந்துபோயி, திரும்பிப் பாத்துச்சு.

அப்ப வந்துச்சு மழை. சும்மா இல்ல, கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு.

சடையாண்டி மூட்டை மேல விழுந்து படுத்தான். வேட்டியை அவுத்து மூடுனான். கோவணத்தோட நின்னு கத்துனான். "போச்சே! ஒரு வருசச் சோறு போச்சே! செம்பாயி, உன் பேச்சைக் கேட்டிருக்கணும். வீரணன் குடுக்கிறேன்னு சொன்னானே! நான்தான் வீம்பு புடிச்சுக் கெடுத்தேன். உனக்கு இனி எதைப் போட்டுக் கஞ்சி காய்ச்சுவேன்?"

சொல்லிட்டுச் சின்னப் புள்ளை மாதிரி அழுதான். இதுல நான் நக்கல் பண்ணல, நெசமாவே அழுதான். செம்பாயிக்கு மனசு எளகிடுச்சு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவன் தப்புன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தா.

அந்த நேரம் பாத்து மழை விட்டுடுச்சு.

சடையாண்டி கண்ணைத் தொடைச்சான். மூட்டையைப் பாத்தான். குனிஞ்சு பாத்தான். அந்தப் பக்கம் போயிப் பாத்தான். தொட்டு அமுக்குனான். மூட்டை அப்படியே இருக்கு! ஒரு விரக்கடை கொறையல!

"கரையல..." முதல்ல மெதுவா. "கரையலடி!" அப்புறம் சத்தமா. "தாத்தா!"ன்னு கத்திக்கிட்டு ஒடைஞ்ச சக்கரத்து மேல நெடுஞ்சாண்கிடையா விழுந்தான்.

செம்பாயி தொறந்த வாயை மூடிக்கிட்டா.

அப்பத்தான் கணவாய்ல இருந்து ஒரு வண்டி எறங்கி வந்துச்சு. சத்தமே இல்லாம வந்துச்சு. ஓலைக் கூண்டுக்குள்ள ஒரு துளி ஈரம் இல்லாம தினை மூட்டை. வீரணன் எட்டிப் பாத்தான். அக்கா மூஞ்சியில இத்தனை நாளா இருந்த பாரம் எறங்குனதையும் பாத்தான், மச்சான் கோவணத்தையும் பாத்தான். "என்ன மச்சான், மழையில குளியலா?"

இருங்க, யாரும் எந்திரிக்காதீங்க. கதை முடிஞ்சதும் ஓடிடுவீங்க, அதனால நீதியை இப்பவே சொல்லிடறேன்: வண்டி பழசாச்சுன்னா விட்டுடலாம், வீம்பை விடாதவனுக்கு மண்ணும் உப்பாத்தான் தெரியும்.

இப்ப மிச்சத்தைக் கேளுங்க.

சடையாண்டி எந்திரிச்சான். நெஞ்சை முன்னால தள்ளுனான். மீசையில இருந்த சேத்தை ஒதுக்குனான். "வாடா மச்சினா வா! உன் வண்டியில ஏத்தியிருந்தா இந்நேரம் என் உப்பு ஆத்தோட போயிருக்கும். பாத்தியா, எங்க தாத்தா வண்டியில ஏத்துனா மழையில கூட உப்பு கரையாது! அச்சு, குடம், சக்கரம் மூணே மூணுதான் போச்சு. மத்ததெல்லாம் இரும்பு. நாளைக்கே ஆசாரியைக் கூட்டிட்டு வர்றேன். இந்த மாதிரி வண்டி ராசாகிட்ட உண்டா? மந்திரிகிட்ட உண்டா? உன்கிட்ட உண்டா? செம்பாயி, இப்பவாச்சும் வாயைத் தொறந்து சொல்லுடி, இந்த உப்பைப் பத்தி நீ என்ன நெனைக்கிற?"

செம்பாயி சொன்னா:

"கொஞ்சம் நக்கிப் பாருங்க."