மேலாளர் காட்டிய முந்நூறு

வேடசந்தூரில் ஒரு சிம் கடை. அங்கே வேலை பார்த்த பூங்கோதை, "விளம்பரத்தில் போட்ட முந்நூறு எம்.பி. நெட் வேகம் எப்பவும் வராதுங்க" என்று வாங்க வந்தவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அது மேலாளர் தனசேகரனின் காதுக்குப் போனதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கம்பெனி சம்பளத்தை வாங்கிக்கிட்டு கம்பெனியையே குறை சொல்றியா? சாயங்காலம் நம்ம கம்பெனி விழா மேடையில் முந்நூறைக் காட்டுறேன். எல்லார் முன்னாடியும் நீ மன்னிப்புக் கேட்கணும். இல்லேன்னா வேலை கிடையாது!"

"சரிங்க சார். நீங்க பேசுறதை எல்லாரும் அவங்கவங்க போனில் நேரலையா பார்க்கச் சொல்லட்டுமா?"

தனசேகரனுக்கு வாயெல்லாம் பல். "தாராளமா சொல்லும்மா!"

மாலையில் மண்டபம் நிரம்பியது. எல்லோர் கையிலிருந்த போனிலும் நேரலையாக மேலாளரின் முகம். தனசேகரன் பெருமையோடு தன் போனில் வேகத்தைச் சோதித்தார். மேடையின் பெரிய திரையில் வந்து நின்ற எண், நான்கு.

அவர் போனைத் தட்டிப் பார்த்தார். "காலையில் இதே மண்டபத்தில் முந்நூறு வந்துச்சே!"

"அப்போ நீங்க ஒருத்தர்தானே சார் இருந்தீங்க? டவர் மொத்தமும் உங்களுக்கே. இப்போ அதை ஊரே பங்கு போட்டுக்குது" என்றாள் மேடையோரம் நின்ற பூங்கோதை.

பதறிப்போய் அவர் மைக்கில் கத்தினார். "எல்லாரும் போனை அணைச்சு வைங்க! அப்புறம் பாருங்க நம்ம வேகத்தை!"

முன்வரிசையில் இருந்த கோழிக்கடைக்காரர் எழுந்தார்.

"அணைச்சு வைக்கிறதுக்கா சார் உங்க சிம்மை வாங்கினோம்?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, பூங்கோதை மைக்குக்குக் கை நீட்டினாள். "சார், நான் இப்ப மன்னிப்புக் கேட்கட்டுமா?"

"வேண்டாம்மா!" தனசேகரன் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். காலையில் வழக்கம்போல கடைக்கு வந்துடு."